நாப்பதடிக்கு ஒரு ரசிகை

அந்த அக்காவின் பெயரை எழுதப்போவதில்லை. பயம்தான் காரணம். யாரும் சீண்டாத மூலையில் எது வெளிவந்தாலும் தேடிப் பிடித்துப் பார்த்து, கீழே ஒரு கமெண்ட் போட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்க்கிற ஆள். இதில் தன் பெயரைப் பார்த்தால் பத்தாவது நிமிடம் ஏச்சு வந்து விழும்.

தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் நாங்கள் வேலை பார்த்தோம். கப்பலில் ஏறுகிற சரக்குக்கு வேண்டிய தாள்களைத் தயார் செய்துகொடுக்கும் ஆபீஸ். அக்கா சீனியர், எனக்கு அடுத்த மேசை. கடற்கரைப் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பம். வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் எட்டு மாதம் ஊரில் இருக்கமாட்டார். அந்த எட்டு மாதமும் அக்காவுக்குத் துணை ஹிப்ஹாப். மீதி நாலு மாதம் வீட்டுக்காரருக்கும் அதுதான் துணை, வேறு வழி கிடையாது.

ஹெட்போனின் ஒரு முனை எப்போதும் வலது காதில் இருக்கும். இடது காது மேனேஜருக்கு. நல்ல பாட்டு ஏதாவது அகப்பட்டுவிட்டால் எழுந்து வந்து, கேட்காமல் கொள்ளாமல் இன்னொரு முனையை நம் காதில் செருகிவிடுவார். செருகிவிட்டு நம் தலையையே பார்த்துக்கொண்டு நிற்பார். முகத்தைப் பார்க்கவே மாட்டார்.

"மூஞ்சி பொய் சொல்லும்ல. தலை சொல்லாது. பீட்டு பிடிச்சா தலை தன்னால ஆடும்."

அரை நிமிடத்துக்குள் தலை ஆடவில்லை என்றால் முனையைப் பிடுங்கி, துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு போய்விடுவார். பிடுங்குவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தத் துடைப்புதான் தாங்காது.

பேர் பெற்ற பாடகர்கள் யாரையும் அக்கா கேட்கமாட்டார். பிடிக்காது என்று இல்லை. "அவனுக்கென்னல, வீட்டு வாசல்ல ரெண்டு காரு நிக்கி. என் ஒரு காது இல்லேன்னா அவன் பட்டினி கெடக்கப் போறானா?" என்பார். அவருக்கு வேண்டியவர்கள் கேட்பாரில்லாமல் கிடக்கிறவர்கள். முப்பது பேர் கேட்ட பாட்டு, பதினொரு பேர் கேட்ட பாட்டு. காலையில் டவுன் பஸ்ஸில் ஏறியதும் போனில் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே அடிமட்டம் வரைக்கும் போவார். ஏன் அக்கா இந்தப் பாடு என்று ஒருநாள் கேட்டேன்.

"எங்க தாத்தா சங்கு குளிச்சாவ. மேல மெதக்குறதையா அள்ளிட்டு வந்தாவ?" என்றார். அதற்குமேல் அந்தப் பேச்சை வளர்க்க எனக்குத் தெம்பில்லை.

மத்தியானச் சாப்பாட்டில் நாங்கள் மூன்று பேர். அக்கா, நான், லாரி அனுப்புகிற வேலை பார்த்த ஐம்பது தாண்டிய ஒரு அண்ணாச்சி. டிபன் பாக்ஸைத் திறக்கும் முன் ஆளுக்கொரு பெயர் சொல்ல வேண்டும் என்பது அக்கா போட்ட சட்டம். ராப் பாடுகிறவரோ, பீட் போடுகிற ப்ரொட்யூசரோ, யாராக இருந்தாலும் சரி, மற்ற இருவருக்கும் தெரியாத ஆளாக இருக்க வேண்டும். தெரிந்துவிட்டால் நம் பொரித்த மீன் அவர்களுக்கு. அண்ணாச்சி தாமிரபரணிக் கரைக்காரர், மீன் தொடமாட்டார். அவருக்கு மோர்மிளகாய் வத்தல் பணயம்.

அண்ணாச்சிக்கு ஹிப்ஹாப்பில் ஆனா ஆவன்னா தெரியாது. வத்தலைக் காப்பாற்றிக்கொள்ள ஒருநாள் துணிந்து இறங்கினார்.

"எம்மா, மாப்பிள்ளையூரணில ஒரு பய இருக்கான். குலசை தசராவுக்கு வேஷம் போட்டுட்டுப் போவான். மேளத்துக்கு நடுவுல வார்த்தைய எடுத்துவிட்டாம்னா ஒருத்தன் நிக்க முடியாது."

"பாட்டப் போடுங்க அண்ணாச்சி, கேப்போம்."

"இன்னும் ஒண்ணும் வெளிய விடலம்மா. விடுவான்."

வெளியே விடவே இல்லை என்றதும் அக்காவின் கண்கள் விரிந்துவிட்டன. இதைவிடக் கேட்பாரற்ற கலைஞன் எங்கே கிடைப்பான்? ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு ஆட்டோ பிடித்து மாப்பிள்ளையூரணிக்கே போய்விட்டார். திங்கள்கிழமை வந்து, "அந்தப் பயலும் இல்ல, நீங்க சொன்ன தெருவும் இல்ல அண்ணாச்சி" என்று சொல்லி வத்தல் டப்பாவை அப்படியே தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ஒரு வாரத்துக்கு அண்ணாச்சி வெறும் மோர்ச்சோறுதான் சாப்பிட்டார்.

இந்தப் பைத்தியம் வேலையிலும் வந்து முட்டியிருக்கிறது. ஒருமுறை முந்திரிப்பருப்பு அனுப்பும் தாளில், சரக்கைப் பெறுகிறவர் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் ஏதோ ஒரு நாட்டு ராப் பாடகரின் பெயரைத் தட்டச்சு செய்துவிட்டார். மேனேஜர் தாளைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"யாரும்மா இது, புது பார்ட்டியா?"

அக்காவின் வலது காதில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "ரொம்ப நல்ல பார்ட்டி சார். யாருக்கும் தெரியாது" என்று சொல்லிவிட்டார். ஒரு கண்டெய்னர் முந்திரி அந்தப் பாடகர் வீட்டுக்குப் போகாமல் தப்பியது மேனேஜர் மறுபடி ஒருமுறை வாசித்ததால்தான்.

இனி என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொல்லாமல் அக்காவைப் பற்றிச் சொல்ல முடியாது.

நானும் பீட் போடுவேன். ஆபீஸில் ஒருவருக்கும் தெரியாது. கண்டெய்னர்களை அடுக்கிவைக்கிற யார்டுக்குப் போகும்போதெல்லாம் போனில் சத்தங்களைப் பதிந்து வருவேன். கண்டெய்னர் கதவின் தாழ் விழுகிற சத்தம், லாரியின் காற்று பிரேக், ரிவர்ஸ் எடுக்கும்போது வருகிற பீப் பீப். அதையெல்லாம் வீட்டில் லேப்டாப்பில் வெட்டி ஒட்டித் தாளமாக்கி, பெரிய கண்டெய்னரை எங்கள் ஊரில் சொல்கிற மாதிரியே 'நாப்பதடி' என்று ஒரு சேனல் தொடங்கிப் போட்டுவந்தேன். குரல் கிடையாது, முகம் கிடையாது, படத்துக்கு ஒரு பூட்டிய கண்டெய்னர் கதவு. பதினேழு பேர் சேர்ந்திருந்தார்கள். அதில் மூன்று பேர் நான். ஒன்று அம்மாவின் போன். மாதக் கடைசியில் சேனலை அழித்துவிட்டு வேறு பிழைப்பைப் பார்ப்பது என்று முடிவு செய்திருந்த நேரம்.

ஒருநாள் காலையில் அக்கா பஸ்ஸை விட்டு இறங்கி மூச்சுவாங்க ஓடிவந்து ஹெட்போனை என் காதில் செருகினார். கண்டெய்னர் தாழ் டணார் என்று விழுந்தது. என் பாட்டு!

நான் போட்டதை இன்னொரு மனுஷி கேட்பதை வாழ்நாளில் அன்றைக்குத்தான் பார்க்கிறேன். அதுவும் நாற்பதாவது நொடியில் ஸ்னேர் டிரம் அடி ஒன்று தப்பாக விழும், அது வரப்போகிறது, வரப்போகிறது என்கிற திகிலில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். தலை அசையவில்லை. அக்கா முனையைப் பிடுங்கித் துடைத்தார்.

"ஒனக்குக் காதே கெடையாதுல. ஸ்னேரு ஒரு எடத்துல வழுக்குது, இல்லேங்கல. ஆனா பய உசிரக் குடுத்துருக்கான். எந்த ஊர்க்காரனோ, இந்த யார்டுச் சத்தத்தையெல்லாம் எங்கன போயிப் பொறுக்குனானோ!"

சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அதில்தான் சிக்கல். தெரிந்தவர்கள் செய்த பாட்டை அக்கா கேட்கமாட்டார். அவருடைய மதினி மகன் ஒருவன் ராப் பாடுவான். முகம் தெரியாதவன் என்று நினைத்து ஆறு மாதம் அவனைத் தூக்கிவைத்துக் கொண்டாடிவிட்டு, இன்னார் என்று தெரிந்த அன்றே நிறுத்திவிட்டார். "தெரிஞ்ச பய பாட்டுன்னா காது ஞாயமா கேக்காதுல. பாசம் வந்து நடுவுல ஒக்காந்துக்கிடும்" என்பது அவர் கட்சி. எனக்கு இந்த உலகத்தில் உண்மையான ரசிகை என்று இருந்தது ஒரே ஒருவர். வாயைத் திறந்தால் அவரும் போய்விடுவார். மூடிக்கொண்டேன். சேனலையும் அழிக்கவில்லை.

அதற்குப்பிறகு நாலு மாதம் நாப்பதடியின் புகழ் எங்கள் ஆபீஸில் கொடிகட்டிப் பறந்தது. அண்ணாச்சிக்கே தலை ஆட ஆரம்பித்துவிட்டது. வந்து நிற்கிற லாரி டிரைவர்கள், தண்ணீர் கேன் போடுகிறவர், ஆடிட்டர் என்று ஒருவர் பாக்கியில்லை. அக்கா விரட்டி விரட்டிக் கேட்க வைத்தார். ஆனால் எல்லாரும் அவருடைய ஒரே போனில்தான் கேட்டார்கள். சேனலில் கேட்டவர்கள் எண்ணிக்கை நகரவே இல்லை. அக்காவுக்கு அது பெரிய கவலையாகிவிட்டது.

"இப்படியே இருந்தா வெறுத்துப்போயி விட்டுட்டுப் போயிருவாம்ல. எத்தனை பேரப் பாத்திருக்கேன்" என்று சாப்பாட்டு நேரத்தில் புலம்புவார். நான் மீனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அவர்கள் தெருவில் மாதாவுக்கு ஒரு கெபி, குகை மாதிரிக் கட்டிய சின்னக் கோயில், உண்டு. அதன் திருவிழா வந்தது. ஒவ்வொரு நாள் செலவையும் ஒரு குடும்பம் ஏற்கும். மண்டகப்படி என்பார்கள். அன்றைய ஜெபம் முடிந்து அசனம், அதாவது ஊர்ச்சாப்பாடு, தொடங்கும்போது மைக்கில் அந்தக் குடும்பத்தின் பெயரையும் தாத்தா பாட்டி பெயர்களையும் வரிசையாக வாசிப்பார்கள். அந்தக் கௌரவத்துக்காகத்தான் பாதிப் பேர் மண்டகப்படியே எடுப்பது. தங்கள் வீட்டு மண்டகப்படி அன்று அக்கா மைக் செட்காரரிடம் போய், "எங்க பேரு ஒண்ணும் வாசிக்க வேண்டாம். அந்த நேரத்துக்கு இந்தப் பாட்டப் போடுங்க" என்று சொல்லிவிட்டார். தன் அம்மாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என்னையும் அண்ணாச்சியையும் அசனத்துக்குக் கூப்பிட்டிருந்தார். இலையை வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறேன், தெரு முழுக்க ஸ்பீக்கரில் கண்டெய்னர் தாழ் டணார் என்று விழுந்தது. முன்னால் நின்ற பெரியவர் மைக் செட் பழுதாகிவிட்டது என்று சத்தம்போட்டார். அதற்குள் பாட்டின் பேஸ் அதிர்வு உள்ளே வந்துவிட்டது. பிள்ளைகள் குதிக்கத் தொடங்கின. சோறு போட்டுக்கொண்டிருந்தவரின் கரண்டி, அவருக்கே தெரியாமல், தாளத்துக்கு இறங்கியது. பங்குச்சாமியார் வேகமாக வந்தார்.

"என்ன பாட்டும்மா இது? தப்பான வார்த்தை எதுவும் இருக்கா?"

"வார்த்தையே இல்ல ஃபாதர்."

சாமியார் யோசித்தார். "அப்பம் சரி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பாட்டு முழுசாக ஓடியது. எழுநூறு பேருக்குச் சமைத்திருந்தார்கள். அந்த எழுநூறு பேரும் என் பாட்டைக் கேட்டார்கள். நான் கையில் இலையோடு அசையாமல் நின்று அழுதேன். அக்காவின் அம்மா இன்னொரு மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தார். அவர் அழுதது மைக்கில் பேர் வாசிக்காததற்கு.

மறுநாள் காலை அக்கா ஆபீஸுக்கு வந்து போனைத் திறந்து பார்த்தார். மூடினார். திரும்பவும் திறந்தார். எண்ணிக்கையில் ஒன்றுகூட ஏறவில்லை. கூட்டத்தில் நெட் கிடைக்காது என்று முன்யோசனையாகப் பாட்டை பென்டிரைவில் ஏற்றிக் கொடுத்திருந்தார்.

"பென்டிரைவுல போட்டா ஏறாதுக்கா" என்றேன்.

"எழுநூறு பேரு கேட்டாவள்ல?"

"கேட்டாங்க."

"அப்பம் அந்தப் பயலுக்கு அது எப்படித் தெரியும்?" என்றார். தாத்தா பாட்டி பெயரை விட்டுக்கொடுத்து, பெற்ற தாயைப் பகைத்துக்கொண்டு, முகம் தெரியாத ஒருவனுக்காகக் கண்கலங்கி உட்கார்ந்திருக்கிறார். அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க நான் என்ன கல்லா? ரசிகை போனால் போகட்டும் என்று தோன்றிவிட்டது.

"தெரியும்க்கா. நாப்பதடி நான்தான்."

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. வழக்கம்போல என் தலையைப் பார்த்தார்.

"ஏலே, என்னத் தேத்துதியா?"

"இல்லக்கா, நெசமாத்தான். நான்தான் போடுதேன்."

அவர் முகம் மாறியது. "வெக்கமா இல்லியால ஒனக்கு? எவனோ ஒரு பாவப்பட்ட பய உசிரக் குடுத்துச் செஞ்சத ஒன்னோடதுன்னு சொல்லுத. நேத்து தெருவே ஆடுச்சு. நீ மட்டும் எலையப் புடிச்சுட்டு மரமா நின்ன. நான் பாத்தேன்ல!"

"அழுதுட்டு நின்னேன்க்கா."

"அது கறிக்கொழம்பு காரம்ல."

மேனேஜர் கூப்பிட, எழுந்து போய்விட்டார். மத்தியானம் சேனலின் உள்பக்கத்தைத் திறந்து காட்டி நிரூபித்துவிடுவது என்று போனை எடுத்தேன். டிங் என்றது. நாப்பதடிக்கு ஒரு கமெண்ட். அடுத்த மேசையிலிருந்து வந்திருந்தது.

'தம்பி நாப்பதடி, எங்க ஆபீஸ்ல ஒருத்தன் உங்க பாட்ட அவன் பாட்டுன்னு சொல்லிக்கிட்டு அலையுதான். பேரு சொல்ல விரும்பல. கெட்ட பய இல்ல, காதுதான் கெடையாது. ஜாக்கிரதையா இருங்க. அப்புறம், உங்களுக்குக் கேக்க ஆள் இல்லன்னு மட்டும் நெனச்சிராதீங்க. நேத்து எங்க தெருவுல எழுநூறு பேரு கேட்டோம். விட்டுட்டுப் போயிராதீங்க தம்பி.'

நாலைந்து தடவை வாசித்தேன். அடுத்த மேசைப் பயலுக்கு அக்கா இப்படி ஒரு வரி ஒருநாளும் எழுதமாட்டார். போனைப் பூட்டிப் பைக்குள் போட்டுவிட்டேன்.

அத்தோடு முடியவில்லை. சாயங்காலம் அக்கா வந்து என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டார். அந்தத் தம்பியிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். அதுவும் உடனே, அவர் கண்முன்னால். அண்ணாச்சி சாட்சி. என் சொந்தக் கணக்கிலிருந்து, என் சேனலில், எனக்கு நானே மன்னிப்புக் கடிதம் எழுதினேன்.

"'தெரியாமல் சொல்லிவிட்டேன்'னு போடுத? தெரிஞ்சுதானல சொன்ன. மாத்து."

மாற்றினேன். அண்ணாச்சி எட்டிப் பார்த்து, "இனிமே இப்படி நடக்காதுன்னும் சேத்துக்கோ, அப்பந்தான் ஒரு மரியாதை" என்றார். அதையும் சேர்த்தேன்.

அடுத்த இரண்டு நாள் அக்கா மணிக்கொருதரம் போனைப் பார்த்தார். பதில் இல்லை. உண்மையைச் சொன்னால், எனக்கு என்மேல் கொஞ்சம் கோபம் இருந்தது, மன்னிக்க மனசு வரவில்லை. மூன்றாம் நாள் அக்காவுக்கே என்மேல் இரக்கம் வந்து தன் மீனில் பாதியைப் பிய்த்து என் தட்டில் வைத்தார். "மன்னிக்கலேன்னா விடுல. நீ கேட்டுட்ட, அதுபோதும்" என்றார். அதற்குமேல் பிடிவாதம் பிடிப்பது நியாயமில்லை. யார்டில் ஒரு கண்டெய்னருக்குப் பின்னால் போய் நின்று, 'பரவாயில்லை நண்பரே. அக்கா, நன்றி. விட்டுட்டுப் போகமாட்டேன்' என்று பதில் போட்டேன்.

திரும்பி வருவதற்குள் ஆபீஸே திருவிழாவாகிவிட்டது. அக்கா போனைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போய் வாசித்துக் காட்டினார். மேனேஜரையும் விடவில்லை. என்னிடம் வந்தார்.

"பாத்தியால, எவ்வளவு பெரிய மனசு! அவங்கிட்ட இருந்து கத்துக்கோ."

"கத்துக்கிடுதேன்க்கா" என்றேன்.

அடுத்த வருஷம் அக்காவுக்குக் கொச்சியில் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் வேலை கிடைத்தது. கடைசி நாள் கேக் வெட்டி, சால்வை போர்த்தி எல்லாம் முடிந்த பிறகு என்னைத் தனியாக வாசலுக்குக் கூப்பிட்டார்.

"நீ நல்ல பய. அந்த ஒரு பொய்ய மட்டும் நான் மறந்துருதேன்."

"சரிக்கா."

"எனக்குப் புது எடம், புது வேலை. முன்ன மாதிரி கேக்க நேரம் கெடைக்குமோ என்னமோ. நாப்பதடியக் கேக்க ஒரு ஆளு வேணும்ல? ஒனக்குக் காது இல்லதான். இல்லேன்னா என்ன, தெனமும் ஒருதரம் போட்டுக் காதுல வச்சுக்கிட்டு இரு. புதுசா எதுவும் விட்டாம்னா நல்லாருக்குன்னு ஒரு வரி எழுது. அவன அநாதையா விட்ராத. ஒங்க அம்மை மேல சத்தியம் பண்ணு."

கையை நீட்டினார். அடித்துச் சத்தியம் செய்தேன். அடித்த கையை எடுக்க முடியவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது.

அக்கா என் தலையில் லேசாக ஒரு தட்டு தட்டினார்.

"அழாதல. அவன் நல்லா வந்துருவான்."